சின்ன வயதில் நடந்த பாலியல் துஷ்பிரயோகத்துக்கு இப்போது வழக்குப் போடலாமா? 20 வருடக் கணக்கு எங்கே தொடங்குகிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2025 ஜனவரி 11

ரீச்சர், பெயர் போடவில்லை, மன்னிக்க வேண்டும். முல்லைத்தீவுப் பக்கம். 2005 இல் எனக்கு 8 வயது. வீட்டுக்கு வந்து போகிற சொந்தக்காரர் ஒருவர். அதற்கு மேல் இங்கே எழுத முடியாது. இவ்வளவு காலமும் வாய் திறக்கவில்லை. போன வருடம் மகள் பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் வழக்குப் போட வேண்டும் என்று துணிவு வந்தது. தெரிந்த ஒருவர் சொல்கிறார், 20 வருடம் தருவார்கள், அதையும் 18 வயது முடிந்த பிறகுதான் எண்ணுவார்கள், ஆகவே 2035 வரை அவசரம் இல்லை என்று. மகளை முதலாம் வகுப்பில் சேர்த்துவிட்டு ஆறுதலாகப் பார்ப்போம் என்றிருக்கிறேன். சரிதானே?

2025 ஜனவரி 11, இரவு, ரீச்சரின் பதில்

இல்லை பிள்ளை, அது பிழை. உங்களுக்கு 2035 வரை இல்லை. இந்த வருடம்தான்.

இலங்கையின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம், 456 ஆம் பிரிவு. கொலைக்கும் அரச துரோகத்துக்கும் கால எல்லை கிடையாது. மற்றக் குற்றங்களுக்கு, தனியாக வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், குற்றம் நடந்த நேரத்திலிருந்து 20 வருடம். பாதிக்கப்பட்டவர் அப்போது குழந்தையா, பெரியவரா என்று அந்தப் பிரிவு கேட்பதேயில்லை. 6 வயதில் நடந்தால் 26 வயதில் முடிகிறது. 8 வயதில் நடந்தால் 28.

எந்த மாதம் என்று நினைவிருக்கிறதா? இங்கே எழுத வேண்டாம். ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

2025 ஜனவரி 12, காலை

நேற்று அவசரத்தில் எழுதினேன், கொஞ்சம் கடுமையாக வந்துவிட்டது. இரவு நித்திரை வரவில்லை, ஆகவே விளக்கமாகச் சொல்கிறேன்.

உங்களுக்கு அந்த 18 வயதுக் கணக்கைச் சொன்னவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களிடம் கேட்டு வந்த கதையாக இருக்கும். பிரான்சில் அப்படித்தான்: சிறுவர் மீதான பாலியல் வல்லுறவுக்கு 18 வயதிலிருந்து 30 வருடம் எண்ணுகிறார்கள், 2018 இல் அதை நீட்டினார்கள், ஆகவே 48 வயது வரை போகலாம். சுவிற்சர்லாந்தில் 2008 இல் சனங்கள் வாக்குப் போட்டு அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மீதான பாரதூரமான பாலியல் குற்றங்களுக்குக் கால எல்லையே இல்லை. இங்கிலாந்திலும் இப்படியான பாரிய குற்றங்களுக்குக் குற்றவியல் வழக்கில் எல்லை கிடையாது. பாரிஸ் லாச்சப்பலிலும் சூரிச்சிலும் இருக்கிறவர்கள் அங்கே கேள்விப்பட்டதை ஊருக்குத் தொலைபேசியில் சொல்ல, இங்கே அது எங்கள் சட்டம் மாதிரிப் பரவிவிடுகிறது. அந்தச் சட்டங்கள் அங்கே இருக்கின்றன. முல்லைத்தீவில் நடந்ததற்கு 456 தான்.

2025 ஜனவரி 12, மத்தியானம்

ஒருவர் தனியாகக் கேட்டார், இது ஆண் பிள்ளைகளுக்கும் பொருந்துமா என்று. பொருந்தும். எங்கள் சட்டத்தில் வல்லுறவு என்கிற பிரிவு பெண்களைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்த பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்கிற குற்றம் ஆண், பெண் இரு பாலாருக்கும் உரியது. காலம் அதே 20 வருடம். தம்பி, நீங்கள் கேட்டதற்கு எனக்குச் சந்தோசம்.

2025 ஜனவரி 15

பொங்கல் முடிந்து இப்போதுதான் இருக்கிறேன்.

திகதியைப் பற்றி நினைத்துக்கொண்டே பொங்கினேன். வன்னியில் யார் திகதி வைத்திருக்கிறார்கள்? "ஜெயசிக்குறு நேரம்" என்போம், அது 1997 இல் தொடங்கிய இராணுவ நடவடிக்கை. "பாதை திறந்த வருடம்" என்போம், அது ஏ9 வீதி, 2002. "சுனாமிக்கு முந்தி, சுனாமிக்குப் பிந்தி." "பாதை பூட்டினபோது", அது 2006 ஓகஸ்ட். "மெனிக் பாமில் இருக்கும்போது", அது யுத்தம் முடிந்தபோது சனங்களை அடைத்து வைத்த முகாம். எங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளைக்கூட எந்த இடப்பெயர்வுக்குள் வந்தது என்று வைத்துத்தான் சொல்கிறோம். சட்டமோ நாளையும் மாதத்தையும் கேட்கிறது. 20 வருடம் என்பது ஒரு நாளில் முடிகிறது.

பிள்ளை, கோயில் திருவிழா, பாடசாலைத் தவணை, வீட்டில் யாராவது பிறந்தது, செத்தது, வயலில் வெட்டா விதைப்பா, இப்படி எதையாவது பிடித்துப் பாருங்கள்.

2025 ஜனவரி 16

கேள்வி கேட்ட பிள்ளை எழுதியிருக்கிறார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வீட்டார் எல்லோரும் போய் வந்த கிழமை. அவருக்கு அம்மன் கோயில் கச்சான் கடையும், புதுச் சட்டையும், அதற்குப் பிறகு நடந்ததும் ஒன்றாகத்தான் நினைவிருக்கிறதாம்.

வற்றாப்பளைப் பொங்கல் என்றால் வைகாசி. 2005 வைகாசி. 20 வருடம் என்றால் இந்த வைகாசி. நாலு மாதம் இருக்கிறது.

சரியான நாளுக்குப் பழைய பஞ்சாங்கம் போதும். அந்த வருடக் கலண்டர் யாரிடமாவது இருந்தாலும் நல்லது. எங்கள் வீட்டிலிருந்தவை எல்லாம் 2009 இல் யுத்தத்தின் கடைசியில் வட்டுவாகல் கடந்தபோது போய்விட்டன. யாழ்ப்பாணத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.

2025 ஜனவரி 19

இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

1997. நாங்கள் இடம்பெயர்ந்து போய்க் கிடுகுக் கொட்டிலில் வகுப்பு நடத்திய நேரம். எனக்கு 34 வயது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பின்னேரம் எல்லோரும் போன பிறகு வந்து நின்றாள். சொன்னாள். நான் அவளைக் கட்டிப்பிடித்தேன், அது உண்மை. ஆனால் சொன்னது என்ன? "அம்மாவிடம் மட்டும் சொல்லு, வேறு ஒருவருக்கும் சொல்லிப்போடாதே" என்றேன். அவள் நன்மைக்கு என்று நினைத்தேன். தகப்பன் இல்லாத வீடு, நாலு பெண் பிள்ளைகள், தறப்பாள் கொட்டில், சுற்றிலும் சனம். பெயர் கெட்டால் எங்கே போவார்கள் என்று பயந்தேன். அதிபரிடம்கூடப் போகவில்லை.

2019 இல் பாரிசிலிருந்து தொலைபேசி எடுத்தாள். 33 வயது. "ரீச்சர், இப்போது வழக்குப் போடலாமா? நீங்கள் சாட்சி சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். சொல்லுவேன் என்றேன். பெறாமகன் வவுனியாவில் சட்டத்தரணி, அவனிடம் ஓடினேன். அவன் புத்தகத்தைத் திறந்து 456 ஐ வாசித்துக் காட்டினான். 2017 இலேயே முடிந்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கே இந்தப் பிரிவு தெரியும். 31 வருடம் படிப்பித்தவள் நான்.

அவளுக்கு அதைச் சொல்ல எனக்கு இரண்டு கிழமை எடுத்தது.

2025 ஜனவரி 20

ஆறுதல் சொல்லி எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஆனால் ஒருவர் "ஏன் ரீச்சர் அந்தப் பிள்ளை 22 வருடம் பேசாமல் இருந்தது" என்று கேட்டிருக்கிறார். இதற்குக் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும்.

அவள் பேசினாள். என்னிடம் பேசினாள். நான்தான் மூடினேன்.

அவுஸ்திரேலியாவில் 2013 இலிருந்து 2017 வரை ஒரு அரச ஆணைக்குழு நிறுவனங்களில் நடந்த சிறுவர் துஷ்பிரயோகத்தை விசாரித்தது. ஆயிரக்கணக்கானோர் தனி அறையில் வந்து சொன்னார்கள். நடந்ததை முதன்முதலில் ஒருவரிடம் சொல்ல அவர்களுக்குச் சராசரியாக 23.9 வருடம் எடுத்திருக்கிறது. யுத்தம் இல்லாத, பொலிசும் நீதிமன்றமும் வாசலில் இருக்கிற நாட்டில் 23.9. எங்கள் சட்டம் தருவது 20.

2025 ஜனவரி 27

பெறாமகன் வீட்டுக்கு வந்திருந்தான். காணிப் பிரச்சினை ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் ஒரு சட்டத்தைச் சொன்னான், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆட்சியுரிமை பற்றி எல்லோருக்கும் தெரியும். ஒருவரின் காணியை இன்னொருவர் 10 வருடம் தடையில்லாமல் ஆண்டுவிட்டால் உரிமை கோரலாம். யுத்தத்தால் ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தபோது காணியில் வேறு ஆட்கள். வழக்குப் போட முடியாமல் இருந்த காலத்தையும் எண்ணினால் அநியாயம் அல்லவா? ஆகவே 2016 இல் பாராளுமன்றம் 5 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, யுத்தச் சூழலால் நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட வழி செய்தது. வழக்குப் போட இரண்டு வருட அவகாசமும் தந்தது.

நல்ல சட்டம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது அசையாச் சொத்துக்கு மட்டும்.

26 வருடம் வன்னிச் சனங்களால் நீதிமன்றம் போக முடியவில்லை என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறது. காணிக்காக நீதிமன்றம் போக முடியாதிருந்த அதே ஓமந்தைச் சோதனைச் சாவடியால், அதே பாஸ் நடைமுறையால், 8 வயதுப் பிள்ளை மட்டும் போயிருக்க முடியுமா? கிணறும் பனங்காணியும் காத்திருக்கலாம், பிள்ளைக்கு மட்டும் மணிக்கூடு ஓடிக்கொண்டே இருக்குமா? இதை நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

2025 ஜனவரி 28

"அப்போது இங்கே புலிகள் இயக்கத்தின் காவல்துறையும் நீதிமன்றமும் இருந்ததே, அங்கே போயிருக்கலாமே" என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். போனவர்கள் இருக்கிறார்கள். 90களிலிருந்தே அவை இயங்கின, தண்டனையும் கொடுத்தார்கள். ஆனால் இலங்கைச் சட்டத்தில் அந்தத் தீர்ப்புகளுக்கு இடமில்லை. அங்கே கொடுத்த முறைப்பாடு இங்கே காலத்தை நிறுத்தாது. கடதாசிகளும் 2009 க்குப் பிறகு இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தாய் இன்றைக்கும் "நாங்கள் அப்பவே கேஸ் போட்டனாங்கள்" என்றுதான் சொல்கிறா.

2025 பெப்ரவரி 3

திருத்தம். தனியாகக் கேட்ட சிலருக்கு "வைகாசிக்குள் முறைப்பாடு கொடுத்தால் சரி" என்று எழுதிவிட்டேன். அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது. பிரிவு பேசுவது வழக்குத் தொடரும் உரிமையைப் பற்றி. முறைப்பாடு என்பது அதற்கு முதல் படி. பொலிஸ் விசாரித்து, நீதவானுக்குப் பி அறிக்கை, அதாவது விசாரணை பற்றிய அறிக்கை, கொடுத்து, வழக்குக் கோவை சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய், அங்கிருந்து மேல் நீதிமன்றத்துக்குக் குற்றப்பத்திரம் வருகிறது. சில கோவைகள் கொழும்பில் வருடக்கணக்கில் இருந்திருக்கின்றன. எந்தப் படியில் காலம் நின்றது என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கட்டாயம் வாதாடுவார். ஆகவே கடைசி நாளை நம்பி இருக்காமல் இந்தக் கிழமையே போகச் சொல்கிறேன்.

2025 பெப்ரவரி 4

முதலில் கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பயம். இரண்டு விடயம் கேட்டார்.

ஒன்று, பத்திரிகையில் பெயர் வருமா என்று. வரக்கூடாது. இப்படியான வழக்குகளில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவதைப் பிரசுரிப்பதே தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். 1995 இல் சேர்த்தது. ஊர் வாய்க்கு அந்தச் சட்டம் கட்டுப்படாது, அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, வைத்தியச் சான்று இல்லை, பார்த்தவர் இல்லை, தன் சொல்லை மட்டும் யார் நம்புவார்கள் என்று. சான்றுக் கட்டளைச் சட்டம் ஒரு விடயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று தொகை சொல்லவில்லை. ஒருவரின் சாட்சியம் உறுதியாக இருந்தால் அதுவே போதும். அந்த நேரம் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் உதவும். யோசித்துப் பார்த்து, தன் சின்னம்மாவிடம் "அவர் வந்தால் நான் உங்களோடு வரட்டா" என்று பலமுறை கேட்டது நினைவிருக்கிறது என்றார். சின்னம்மா உயிரோடு இருக்கிறாவாம், புதுக்குடியிருப்பில்.

2025 பெப்ரவரி 9

நட்டஈட்டு வழக்கு பற்றிக் கேட்டவருக்கு: சிவில் வழக்கில் காலம் இன்னும் குறைவு, நட்டஈட்டுக்கு இரண்டு வருடம்தான். பிள்ளையாக இருக்கிற காலம் அதில் கழிக்கப்படும், ஆகவே 20 வயதோடு முடிகிறது என்று வையுங்கள். ஆனால் குற்றவியல் வழக்கில் தண்டனையோடு சேர்த்து நட்டஈடும் கொடுக்க நீதிமன்றம் கட்டளையிடலாம். அரச ஊழியர் சம்பந்தப்பட்டு அடிப்படை உரிமை வழக்குப் போடுவதென்றால் ஒரே ஒரு மாதம்.

2025 பெப்ரவரி 16

இப்படியான குற்றங்களுக்குக் கால எல்லையே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. அதற்கு ஒருவர் மறுப்பு எழுதியிருக்கிறார். 40 வருடத்துக்கு முந்தியதைச் சொல்லி யாரையும் பழிவாங்கலாம், செத்துப்போன சாட்சிகளை எங்கே தேடுவது, காணிச் சண்டைக்காகவே பொய் வழக்கு வரும் என்கிறார். இது சும்மா தட்டிவிடக்கூடிய வாதம் இல்லை. எங்கள் ஊரில் எல்லைவேலிச் சண்டையில் என்னென்ன குற்றச்சாட்டு எழும்பும் என்று எனக்கும் தெரியும்.

ஆனால் கொலைக்கு எல்லை இல்லையே. 40 வருடத்துக்கு முந்திய கொலைக்கும் இதே பயம் இருக்கிறது, அதற்காக யாரும் கதவைப் பூட்டவில்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வழக்குத் தொடுநர் மேல்தான். காலம் போகப் போக அது அவருக்குத்தான் கடினமாகிறது.

முதலில் 18 வயதிலிருந்து எண்ணினால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். பாரிஸ் பிள்ளைக்கு அந்தக் கணக்கில் 2024 வரை இருந்திருக்கும், 2019 இல் வந்தவளுக்கு அது போதும். ஆனால் இதே இழையை வாசித்துவிட்டு 51 வயதில் ஒரு அம்மா எனக்கு எழுதியிருக்கிறா. வாழ்க்கையில் முதல் தடவை ஒருவருக்குச் சொல்கிறாவாம். அதற்குப் பிறகு எந்த எண்ணைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லை வேண்டாம் என்றே சொல்கிறேன்.

2025 பெப்ரவரி 17

ஒன்று விட்டுவிட்டேன். நாளைக்கே சட்டம் மாறினாலும், ஏற்கெனவே காலம் முடிந்தவர்களின் வழக்கு உயிர்பெறும் என்று நம்ப வேண்டாம். கலிபோர்னியாவில் அப்படி ஒரு சட்டம் போட்டார்கள். 2003 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முடிந்துபோன வழக்கை மறுபடி திறக்க முடியாது என்று தள்ளிவிட்டது. அது அவர்களுடைய அரசியலமைப்பு, இங்கே நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் இங்கேயும் அதே வாதம்தான் வரும் என்கிறான் பெறாமகன். எனக்கு அந்த 51 வயது அம்மாவை நினைத்து அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை.

2025 மார்ச் 2

அந்தப் பிள்ளை முறைப்பாடு கொடுக்கப் போய்விட்டார். சின்னம்மாவும் கூடப் போனாவாம். முதலில் போன இடத்தில், இவ்வளவு காலத்துக்குப் பிறகு எடுக்க ஏலாது, குடும்பத்துக்குள் பேசித் தீருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அன்று பின்னேரமே 1929 க்கு, அதுதான் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கத்துக்கு, எடுத்துச் சொல்லியிருக்கிறார். சட்டத்தரணியும் தலையிட்ட பிறகு சிறுவர், மகளிர் பணியகத்தில் ஒரு பெண் அலுவலர் மூன்று மணித்தியாலம் இருந்து வாக்குமூலம் எழுதினாராம். தமிழில். வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தேன் என்று எழுதியிருக்கிறார். சிங்களத்தில் எழுதியதற்குக் கீழே கையெழுத்து வைத்துவிட்டு அழுதவர்களை நான் கண்டிருக்கிறேன், ஆகவே இதைக் கேட்டதும் பெரிய நிம்மதி.

2025 ஏப்ரல் 6

நீதவானுக்கு அறிக்கை போயிருக்கிறது. சட்டத்தரணி பிரதி எடுத்து வைத்திருக்கிறார், திகதி முத்திரையோடு. மேற்கொண்டு இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், எழுதமாட்டேன். நீங்களும் யாரும் கேட்காதீர்கள்.

2025 மே 18

இன்று முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். வரிசையில் நின்றவர்களில் என் பழைய மாணவர்கள் பலர். 2009 இல் பத்து, பன்னிரண்டு வயதில் இருந்தவர்கள். முட்கம்பிக்குள் ஒரே தறப்பாளில் மூன்று நாலு குடும்பம் படுத்த காலம் அது. மெனிக் பாமை 2012 செப்ரெம்பரில்தான் மூடினார்கள். அந்த வருடங்களில் அங்கே ஏதாவது நடந்திருந்தால், கணக்கு 2029 இலிருந்து ஒவ்வொரு நாளாக முடியத் தொடங்கும்.

2025 மே 25

வகுப்பு இடாப்பு எதுவும் என்னிடம் இல்லை. நினைவிலிருந்து எழுதத் தொடங்கினேன். 63 பெயர் வந்திருக்கிறது. ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுக்கிறேன். எதையும் கேட்பதில்லை. பிள்ளைகள் சுகமா என்று விசாரித்துவிட்டு, இப்படி ஒரு சட்டம் இருக்கிறது, 18 இலிருந்து எண்ணுவதில்லை, நடந்த நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள், உனக்குத் தெரிந்த யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லு என்று மட்டும் சொல்கிறேன். நேற்று வரை 19 பேர். ஒருத்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரீச்சர், அந்தப் பிரிவு இலக்கத்தை இன்னொருக்காச் சொல்லுங்கோ, எழுதிறன்" என்றாள்.